இழுப்பு இல்லாத நாள்களின் வைத்தியம்

இழுப்பு வந்து திணறும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் நாடி பார்க்க உட்காருவதில்லை. கையில் நீல இன்ஹேலர் இருந்தால் ஸ்பேசரில் பொருத்தி, டாக்டர் எழுதிக்கொடுத்தபடி அங்கேயே கொடுக்கச் சொல்வேன். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிந்து இழுத்தாலோ, ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் குழந்தை இரண்டு முறை மூச்சு வாங்கினாலோ நேராக மருத்துவமனைதான். “ஊசி குத்தி நிறுத்த முடியாதா சின்சே?” என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது என்பதுதான் என் பதில். “சரியானதும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அப்போது என் வேலை இருக்கிறது” என்று சொல்லி அனுப்புவேன். பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. ஓடியாடி விளையாடும் பிள்ளைக்கு எதற்கு வைத்தியம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பினாங்கில் சீனப் பள்ளியில் படித்து வளர்ந்த தமிழ்ப் பெண் நான். நான்ஜிங்கில் சீன மருத்துவம் பயின்று ஊர் திரும்பியதிலிருந்து குழந்தைகளைத்தான் அதிகம் பார்த்துவருகிறேன். சீனர், தமிழர், மலாய்க்காரர் என்று எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். இந்த ஊருக்குச் சின்சே எனும் சீன வைத்தியர் புதியவர் அல்ல. இன்று பெரிய மருத்துவமனையாக நிற்கும் லாம் வா ஈ, 1883-இல் ஏழைகளுக்கு இலவசமாகச் சீன மருந்து கொடுக்கும் இடமாகத்தான் ஆரம்பித்தது. 2016-இல் பாரம்பரிய மருத்துவத்துக்கென்று தனிச் சட்டம் வந்தபிறகு எங்கள் தொழில் பதிவுக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டது. அதை நான் மனதார வரவேற்றேன்.

ஆஸ்துமாவை எப்போது எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு ஜூ தான்ஷி என்ற வைத்தியர் (1281–1358) ஒரு வழி வகுத்துவிட்டுப் போனார். நோய் கிளம்பி நிற்கும்போது, உள்ளே புகுந்த கேட்டைத் துரத்துவதுதான் அவசர வேலை. நோய் அடங்கியிருக்கும்போது, உடம்பின் சொந்த பலத்தை நிமிர்த்தி வைப்பதே முதல் வேலை. மாணவர்கள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்யும் பாடம் இது. ஆனால் இதற்குள் பெரிய வேலைப் பங்கீடு ஒன்று இருக்கிறது. அவர் காலத்தில் இரண்டு வேலையையும் ஒரே வைத்தியர் செய்தாக வேண்டும், வேறு வழியில்லை. இன்று முதல் வேலையை ஒரு சின்ன நீல டப்பா சில நிமிடங்களில் செய்துவிடுகிறது. அதை அதனிடமே விட்டுவிட்டேன். மீதி இருப்பது இரண்டாவது வேலை. மெதுவாக நடக்கும் வேலை. அவசரப் பிரிவு டாக்டருக்கு அதற்கு நேரமும் இல்லை.

எங்கள் பழைய நூல்கள் இந்த நோயைக் காதால் கேட்டு அறிந்தவை. கி.பி. 200 வாக்கில் வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங், தொண்டைக்குள் தவளை கத்துவதுபோலக் கேட்கும் சத்தத்தை அடையாளமாகச் சொல்லி, அதற்கொரு கஷாயமும் எழுதிவைத்தார். காது இன்றும் வேண்டும்தான், ஆனால் அதை மட்டும் நம்பினால் ஆபத்து. கடுமையாக இழுத்துக்கொண்டிருந்த நெஞ்சில் சத்தம் சட்டென்று அடங்கி, உதடு நீலம் பாரித்து, பிள்ளை துவண்டு சரிந்தால் ‘அப்பாடா, தணிந்தது’ என்று யாரும் மூச்சுவிட வேண்டாம். சத்தம் போடக்கூட உள்ளே காற்று ஓடவில்லை என்று அர்த்தம். உடனே 999-ஐக் கூப்பிட வேண்டிய நேரம் அது.

இனி என் வேலைக்கு வருகிறேன்.

சீன மருத்துவத்தின் பார்வையில் இழுப்புக்கு வேர், உள்ளே பதுங்கிக் கிடக்கும் கபம். வெளியில் மழையோ புகையோ ஜலதோஷமோ வந்து தட்டினால் அது எழுந்து மூச்சுப் பாதையை அடைக்கும். தட்டுவது நின்றதும் அடங்கும், ஆனால் போய்விடாது. மூச்சு சீராக இருக்கும் நாள்களிலும் அது அங்கேயேதான் கிடக்கும். (சித்த மருத்துவத்தில் பேசும் கபத்தோடு இதை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம். இரண்டுக்கும் கணக்கு வேறு.) நவீன மருத்துவமும் இழுப்பு இல்லாத நாளில் மூச்சுக் குழாயின் உள்சுவரில் அழற்சி நீறுபூத்த நெருப்பாக இருக்கிறது என்று சொல்லித்தான் தடுப்பு இன்ஹேலரைத் தினமும் இழுக்கச் சொல்கிறது. இரண்டு மருத்துவங்களின் மொழியும் வெவ்வேறு. ஆனால் நன்றாக இருக்கும் நாளில் சும்மா இருக்கக் கூடாது என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

அந்தக் கபம் எங்கே பிறக்கிறது? நுரையீரலில் இல்லை என்பது எங்கள் மரபின் பதில். அது தங்கும் இடம் நுரையீரல், பிறக்கும் இடம் ‘பி’. நூல்கள் இதை மண்ணீரல் என்று மொழிபெயர்த்தாலும், உண்டதைச் செரித்துச் சத்தாக்கி உடம்பெங்கும் அனுப்பும் மொத்த வேலைக்கும் சேர்த்து வைத்த பெயர் அது. அந்த வேலை தளர்ந்தால், சத்தாக வேண்டியது சளியாகத் தேங்கும். குழந்தைகளிடம் அது இயல்பிலேயே தளர்வானது. வடக்கு சோங் அரசின் காலத்தில் குழந்தை வைத்தியத்துக்கென்றே வாழ்ந்த ச்சியென் யீ, குழந்தையின் உள்ளுறுப்புகள் இளசானவை, ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு வெகு சீக்கிரம் மாறிவிடுபவை என்று சொல்லிக்கொடுத்தார். அவருடைய பாடங்களைச் சீடர் ஒருவர் 1119-இல் நூலாகத் தொகுத்தார். மிங் காலத்து வான் ச்சுவான் இன்னும் ஒரு படி போய், குழந்தையிடம் நுரையீரல், செரிமானம், சிறுநீரகம் ஆகிய மூன்றும் எப்போதும் பற்றாக்குறையிலேயே இருக்கும் என்றார். மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துவைக்கும் வேலையைச் சிறுநீரகத்துக்குக் கொடுத்திருக்கிறது எங்கள் மருத்துவம். ஆக, குழந்தை ஆஸ்துமா என்றால் நான் நெஞ்சை மட்டும் பார்த்தால் போதாது. வயிற்றைப் பார்க்க வேண்டும், வளர்ச்சியைப் பார்க்க வேண்டும்.

வரும் பிள்ளைகளில் ஒரு சாயலை அடிக்கடி காண்கிறேன். நான்கு வயதுப் பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகம் வெளுத்திருக்கும், கண்ணுக்குக் கீழே லேசாகக் கருமை. தூங்க ஆரம்பித்ததும் தலையணை நனையும் அளவுக்குத் தலையில் வியர்வை. மாதம் ஒருமுறை சளி, சளி வந்தால் மூன்றாம் நாள் இழுப்பு. நாக்கை நீட்டச் சொன்னால் ஓரங்களில் பல் பதிந்த தடம் தெரியும். மேலே வெள்ளையாக, ஈரமாக, மாவு பூசியதுபோன்ற படிவு. “காலையில் என்ன பசியாறினான்?” என்று கேட்டால், “எங்கே சின்சே, ஒரு கிளாஸ் ஐஸ் மைலோ குடித்தான், அவ்வளவுதான்” என்பார் அம்மா. மலம் எப்படிப் போகிறது என்று கேட்பேன். வெட்கப்பட்டுக்கொண்டே, கழுவினாலும் கழிப்பறைக் கோப்பையில் ஒட்டிக்கொள்கிறது என்று பாட்டிதான் சொல்வார். என் வேலையில் பாட்டிமார்களைப் போல உதவுகிறவர்கள் யாருமில்லை. எத்தனை மணிக்கு இருமினான், எந்தப் பக்கம் படுத்தால் குறைகிறது, சளி நீர்த்ததா கட்டியா, எல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையின் மணிக்கட்டு நாடிக்கு மூன்று விரல் வைக்க இடம் போதாது. வைத்தாலும் குழந்தை அழுதுவிட்டால் நாடி சொல்வது நம்பகமில்லை. அதற்குப் பதிலாக ஆள்காட்டி விரலைப் பார்க்கிறோம். குழந்தையின் கையை வெளிச்சத்தில் பிடித்து, விரலின் உள்பக்கத்தை நுனியிலிருந்து அடிநோக்கி மென்மையாகத் தேய்த்தால் மெல்லிய ரத்தநாளம் ஒன்று தெரியும். அடிக் கணுவோடு நின்றால் நோய் மேலாக இருக்கிறது. நடுக் கணுவைத் தாண்டினால் உள்ளே இறங்கியிருக்கிறது. நுனியை எட்டினால் கவலைக்குரியது. சிவப்பாக மேலெழுந்து தெரிந்தால் புதிதாகப் புகுந்த குளிர், ஊதாவாக இருந்தால் வெப்பம், மங்கியிருந்தால் பலவீனம். கறுத்த நிறக் குழந்தைகளிடம் இதைக் காண்பது கடினம் என்று எந்தச் சீன நூலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நம் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துத்தான், சன்னல் ஓரத்துக் காலை வெளிச்சம் விளக்கை விட மேல் என்று கற்றுக்கொண்டேன். இந்த ஒன்றை மட்டும் வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை.

இப்படிப் பலவீனமாக இருக்கும் பிள்ளைக்கு உடனே சத்து மருந்து கொடுக்கத் தோன்றும். ஜின்செங், கோழி எசென்ஸ், பறவைக் கூடு, மாதக்கணக்கில் டானிக். சீனர் வீடுகளிலும் தமிழர் வீடுகளிலும் இந்த ஆசை ஒன்றுதான். இங்கேதான் நான் படித்த நான்ஜிங் மரபு என் கையைப் பிடித்து நிறுத்துகிறது. அங்கே குழந்தை மருத்துவத்தை வளர்த்த பேராசிரியர் ஜியாங் யூரென், குழந்தையின் செரிமானத்துக்கு நலம் அள்ளிக் கொட்டுவதில் இல்லை, ஓட வைப்பதில் இருக்கிறது என்று வாழ்நாளெல்லாம் வற்புறுத்தினார். தேங்கியிருக்கும் வயிற்றில் கனமான சத்தை ஏற்றினால் அது இன்னும் தேங்கும், தேங்கினால் இன்னும் கபம். எனவே நான் முதலில் கொடுப்பது உலர்ந்த ஆரஞ்சுத் தோல், முளைகட்டி வறுத்த பார்லி, பைன் மர வேரில் விளையும் ஃபு லிங் போன்ற சாதாரணச் சரக்குகள். நாக்கின் வெள்ளைப் படிவு மெலிந்து, பையன் தானாகச் சோறு கேட்க ஆரம்பித்த பிறகுதான் பலம் கொடுக்கும் சரக்குகளைச் சேர்ப்பேன். சளி அடிக்கடி பிடிக்கும் பிள்ளைக்கு யூ பிங் ஃபெங் சான் என்ற, மூன்றே சரக்குகள் கொண்ட சூரணம் பெரும்பாலும் போதும். ஹுவாங் ச்சியும் பைஜுவும் உள்ளிருந்து நிமிர்த்த, ஃபாங் ஃபெங் வெளிக்காற்றைத் தடுக்கிறது என்பது அதன் கணக்கு. வியர்வை கொட்டும் பிள்ளைக்கே அது பொருந்தும். காய்ச்சலும் தொண்டை வலியுமாக இருக்கும் நாளில் அதை நிறுத்திவிட வேண்டும்.

உணவில் நான் நீண்ட தடைப் பட்டியல் கொடுப்பதில்லை. இதில் என் தொழிலில் இருக்கும் பலரோடு எனக்கு உடன்பாடில்லை. கோழி கூடாது, முட்டை கூடாது, இறால் கூடாது, வாழைப்பழம் கூடாது, பால் கூடாது என்று எழுதிக்கொடுத்தால் பிள்ளை எதைத் தின்று வளரும்? எலும்பும் தோலுமாக வரும் ஆஸ்துமா பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஒவ்வாமை சோதனையில் உறுதியானது எதுவோ அதை மட்டும் விலக்கட்டும். மற்றபடி நான் கேட்பது ஐஸ் போட்ட பானத்தையும் எழுந்தவுடன் கொடுக்கும் இனிப்பையும் குறையுங்கள், சூடாக ஏதாவது பசியாறவிட்டுப் பள்ளிக்கு அனுப்புங்கள், இரவுச் சாப்பாட்டைத் தூக்கத்துக்கு முன் தள்ளிவிடாதீர்கள் என்பதுதான்.

குழந்தை வைத்தியத்தில் என் மனதுக்கு மிக நெருக்கமானது, கையால் தடவியும் தேய்த்தும் செய்யும் துயினா. மருந்தைத் துப்பும் பிள்ளையும் ஊசியைக் கண்டு அலறும் பிள்ளையும் கைக்கு இணங்கிவிடுகிறார்கள். மிங் காலத்தில் குழந்தைகளுக்கென்றே இது தனிக் கலையாக வளர்ந்தது. 1601-இல் வெளியான யாங் ஜிஜோவின் அக்குபங்சர் பெருந்தொகுப்பில் குழந்தைத் துயினாவுக்கு ஒரு நூலே இடம்பெற்றிருக்கிறது. பெரியவர்களுக்கு உடம்பெங்கும் ஓடும் பாதைகளை, குழந்தைக்குக் கையிலேயே அடக்கிவைத்தார்கள். கட்டைவிரலின் வெளி ஓரம் செரிமானம், மோதிர விரல் நுரையீரல், சுண்டுவிரல் சிறுநீரகம்.

பிள்ளையை அம்மா மடியில் உட்காரவைத்து, இடது கையை என் உள்ளங்கையில் ஏந்திக்கொள்வேன். அதன் கட்டைவிரலைச் சற்றே மடித்துப் பிடித்து, நுனியிலிருந்து அடிவரை ஓரமாக என் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போவேன். அழுத்தம் மிகக் குறைவு, வேகம் சீர். தோல் சிவக்கக் கூடாது, சூடேறினால் போதும். பிறகு சட்டையைத் தூக்கி முதுகு. ஏழாவது கழுத்தெலும்பின் முனையைத் தடவிக் கண்டுபிடித்து, அதன் இருபக்கமும் ஒட்டினாற்போல இருக்கும் டிங் சுவான் புள்ளியையும், மூன்றாவது மார்பு முள்ளெலும்புக்குக் கீழே இரண்டு பக்கமும் இருக்கும் ஃபெய் ஷு புள்ளியையும் வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஃபெய் ஷுவுக்கு நடுக்கோட்டிலிருந்து ஒன்றரை அங்குலம் என்று புத்தகத்தில் இருக்கும். அங்குலம் என்றால் ஸ்கேலில் உள்ள அங்குலமல்ல. அந்தந்தக் குழந்தையின் கட்டைவிரல் அகலமே ஓர் அங்குலம். பிள்ளை வளர வளர அளவும் வளரும்.

கடைசியாக நியே ஜி. குப்புறப் படுத்திருக்கும் பிள்ளையின் வால் எலும்பருகே தோலை இரண்டு கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரலால் மெல்ல மடித்துப் பிடித்து, அந்த மடிப்பை விடாமல் உருட்டிக்கொண்டே கழுத்துவரை ஏறுவது. மூன்று முறை உருட்டியதும் ஒருமுறை மேலே தூக்கி விடுவது. முதல் நாள் பல பிள்ளைகளின் முதுகுத் தோல் எலும்போடு ஒட்டினாற்போல இருக்கும், மடிக்கவே வராது. சில வாரம் போனால் இளகிவரும். இதைக் காலையில் வெறும் வயிற்றில், வீட்டில் அம்மாவோ பாட்டியோ செய்வதுதான் முறை. நான் வாரம் ஒருமுறை செய்வதைவிட அவர்கள் தினமும் செய்வது மேல். அதனால் பெரும்பாலும் நான் குழந்தைக்குச் செய்வதைவிட அம்மாவுக்குச் சொல்லிக்கொடுப்பதே அதிகம். சீனாவில் கை வழுக்கப் பவுடர் போட்டுக்கொள்வார்கள். ஆஸ்துமா பிள்ளையின் மூக்கருகே பவுடர் தூசி பறக்கவிட எனக்கு மனமில்லை. நல்லெண்ணெயை இரண்டு விரலில் தொட்டுக்கொள்ளச் சொல்கிறேன். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துப் பழகிய நம் பாட்டிமார்களுக்கு இது வெகு சீக்கிரம் கைவந்துவிடுகிறது.

சான் ஃபு ஒட்டுமருந்து பற்றிப் பலரும் கேட்கிறார்கள். குளிர்காலத்தில் வரும் நோயைக் கோடையில் கவனி என்பது சீனப் பழக்கம். சீன நாள்காட்டியில் பத்து நாளுக்கு ஒருமுறை வருவது ‘கெங்’ நாள். ஆண்டின் நீண்ட பகல் கழிந்தபிறகு வரும் மூன்றாவது ‘கெங்’ நாளில் முதல் ஒட்டு. பிறகு நான்காவது ‘கெங்’ நாளிலும், இலையுதிர் பருவம் தொடங்கியபின் வரும் முதல் ‘கெங்’ நாளிலும் மற்ற இரண்டு. நம் நாள்காட்டிப்படி ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டுக்குள் வரும். 1695-இல் ஜாங் லூ எழுதிய நூலில் இதன் செய்முறை விவரமாக இருக்கிறது: வெண்கடுகு, யான் ஹு சுவோ, கான் சுயி, ஷி ஷின், கொஞ்சம் கஸ்தூரி, குழைக்க இஞ்சிச் சாறு. கான் சுயி நஞ்சுத்தன்மை உள்ளது. ஷி ஷினிலும் எனக்குச் சந்தேகங்கள் உண்டு. குழந்தைகளுக்கு இரண்டையும் நான் சேர்ப்பதில்லை. வெண்கடுகையும் வறுத்துக் காரத்தைத் தணித்தபிறகே பொடிக்கிறேன். புதிதாகப் பிழிந்த இஞ்சிச் சாற்றில் குழைத்து, ஐந்து சென் நாணயத்தைவிடச் சிறிதாக உருட்டித் தட்டி, ஃபெய் ஷுவில் ஒட்டிவிட்டுப் பிள்ளையை என் கண்முன்னேயே விளையாட விடுவேன். அரிக்கிறது என்று பிள்ளை சொன்ன மாத்திரத்தில் எடுத்துவிட வேண்டும். கொப்பளம் வந்தால்தான் மருந்து பிடித்தது என்று சொல்வது பெரியவர்களுக்கே சரியில்லை, குழந்தைக்கு அது கொடுமை. தோல் அழற்சி உள்ள பிள்ளைக்கு ஒட்டவே மாட்டேன்.

குளிர்காலமே இல்லாத பினாங்கில் இதற்கு என்ன பொருள் என்று எனக்குள் நெடுநாள் கேட்டுக்கொண்டிருந்தேன். இங்கே செப்டம்பரும் அக்டோபரும்தான் கனத்த மழை. ஜூலை, ஆகஸ்டு அதற்கு முந்திய மாதங்கள். சுமத்திராவில் கரிமண் காடுகள் எரிந்து புகைமூட்டம் வருவதும் பெரும்பாலும் இதையொட்டிய காலத்தில்தான். 2015-லும் 2019-லும் பள்ளிகளை மூடும் அளவுக்கு அது வந்தது. ஆக, பிள்ளையை முன்கூட்டித் தயார்செய்ய அந்த மாதங்கள் தோதானவை. ஆனால் முதுகில் மருந்தை ஒட்டிவிட்டு, புகைநாளில் சன்னலைத் திறந்துவைத்தால் பலனில்லை. மெத்தையில் வாழும் தூசிப் பூச்சிக்கு இந்த ஊரின் ஈரப்பதம் சொர்க்கம். மெத்தை உறையைச் சுடுநீரில் துவைக்காமல், ஏர்கோன் வடிகட்டியைக் கழுவாமல், வீட்டுக்குள் அப்பா சிகரெட் புகைப்பதை நிறுத்தாமல் என்னிடம் வந்தால் என் நேரமும் உங்கள் பணமும் வீண். இவற்றை நான் மருந்துச் சீட்டிலேயே முதல் வரியாக எழுதிவிடுகிறேன்.

மா ஹுவாங் பற்றிச் சொல்லாமல் ஆஸ்துமாவையும் சீன மருத்துவத்தையும் சேர்த்துப் பேச முடியாது. ஜாங் ஜோங்ஜிங்கின் கஷாயத்தில் மூச்சைத் திறந்தது அந்தச் செடிதான். 1885-இல் ஜப்பானில் நாகாய் நாகயோஷி அதிலிருந்து எஃபெட்ரினைப் பிரித்தெடுத்தார். 1924-இல் பீக்கிங்கில் சென் கோ-குயியும் கார்ல் ஷ்மிட்டும் அது உடம்பில் என்ன செய்கிறது என்று எழுதியதும், உலகமெங்கும் ஆஸ்துமாவுக்கு எஃபெட்ரின் மாத்திரை கொடுக்கத் தொடங்கினார்கள். மூச்சுக் குழாயைத் திறக்கும் அதே கையால் அது இதயத்தையும் படபடக்க வைத்தது, தூக்கத்தையும் கெடுத்தது. 1960-களின் இறுதியில் வந்த சால்பியூட்டமால் மூச்சுக் குழாயைக் குறிவைத்து வேலை செய்வது. நீல இன்ஹேலரில் இருப்பது அதுவே. என் முன்னோர் தேடிய பொருளின் செம்மையான வடிவம் கையில் இருக்கும்போது, குழந்தைக்கு மா ஹுவாங் கொதிக்க வைத்துக் கொடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. கொடுப்பதில்லை.

மரபின்மேல் பக்தி இருக்கலாம்; அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. ச்சியென் யீயை நான் குருவாக வைத்துக் கும்பிடுகிறேன். குழந்தையின் நுரையீரலைத் தேற்ற அவர் எழுதிய புகழ்பெற்ற மருந்து ஒன்றில் மா டோ லிங் என்ற காய் இருக்கிறது. அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை அழிக்கும், புற்றுநோயும் உண்டாக்கும் என்று இப்போது ஐயமின்றித் தெரியும். சீன அரசின் மருந்துப் பட்டியலே 2020-ஆம் ஆண்டுப் பதிப்பில் அதை நீக்கிவிட்டது. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. தெரிந்தபின் அதைக் குழந்தைக்குக் கொடுப்பவன் அவருடைய சீடன் ஆக மாட்டான்.

என் முறைகளுக்கு எவ்வளவு சான்று இருக்கிறது என்று கேட்பது பெற்றோரின் உரிமை. ஆஸ்துமாவுக்கு அக்குபங்சர் பயன்படுகிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான், ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் தொகுப்பு முடிவுசெய்தது. 2011-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்றை நான் என் மாணவர்களுக்குக் கட்டாயம் வாசிக்கக் கொடுக்கிறேன். பெரியவர்களிடம் நடத்தியது. உண்மையான சால்பியூட்டமால், வெற்று இன்ஹேலர், பொய்யான அக்குபங்சர் ஆகிய மூன்றையும் பெற்ற நோயாளிகள் ஏறத்தாழ ஒரே அளவுக்குத் தேறியதாகச் சொன்னார்கள். ஊதிப் பார்த்தபோது, சால்பியூட்டமால் எடுத்தபோது நுரையீரலின் காற்றோட்டம் 20 சதவீதம் கூடியிருந்தது; மற்ற இரண்டிலும் 7 சதவீதம் மட்டுமே. நலமாக உணர்வது ஒன்று, மூச்சுக் குழாய் திறந்திருப்பது வேறொன்று என்பதைக் கையைத் தொட்டு வைத்தியம் செய்கிற யாரும் மறக்கக் கூடாது. அதனால்தான், ஊதத் தெரிந்த வயதுப் பிள்ளைகளிடம் பீக் ஃப்ளோ மீட்டரைக் கொடுத்துக் காலையும் மாலையும் எண்ணை எழுதிவரச் சொல்கிறேன். அந்த நோட்டுப் புத்தகம் என்னைப் பாராட்டாத நாள்களும் உண்டு. அப்போது முறையை மாற்றுகிறேன், அல்லது டாக்டரிடமே திருப்பி அனுப்புகிறேன்.

சின்னக் குழந்தைகளில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. அமெரிக்காவின் டூசான் நகரில் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்த ஆய்வில், மூன்று வயதுக்குள் இழுத்த பிள்ளைகளில் ஏறத்தாழ அறுபது சதவீதம் பேருக்கு ஆறு வயதில் இழுப்பு இல்லை. ஆகையால் என்னிடம் வந்த சிறு பிள்ளைக்கு இழுப்பு நின்றுவிட்டால், ‘நான்தான் நிறுத்தினேன்’ என்று விளம்பரம் செய்ய எனக்கு உரிமையில்லை. பிள்ளை சாப்பிடுகிறதா, தூங்குகிறதா, சளி பிடிக்கும் முறை குறைந்ததா, பள்ளிக்கூடம் போகிறதா என்பதைத்தான் கவனிக்கிறேன். அம்மாக்களின் நோட்டுப் புத்தகங்களில் அவை நன்றாக முன்னேறுவதைக் கண்டுதான் இந்த வேலையில் நிலைத்திருக்கிறேன்.

தடுப்பு இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருக்கிறது, அதை நிறுத்தத்தான் உங்களிடம் வந்தோம் என்று சொல்லும் பெற்றோரிடம் நான் உறுதியாகப் பேசுகிறேன். அதன் அளவு மைக்ரோகிராமில். நீண்டநாள் எடுத்த பிள்ளையின் உயரம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறையலாம். அடங்காத ஆஸ்துமா கெடுப்பதோ வளர்ச்சியையும் படிப்பையும் தூக்கத்தையும், சில வேளை உயிரையே. அளவைக் குறைப்பது எழுதிக்கொடுத்த டாக்டரின் முடிவு. மாறாக, ‘மூலிகைதான்’ என்று விற்கும் பெயர் தெரியாத மாத்திரை இரண்டே நாளில் இழுப்பை மாயமாக நிறுத்தினால் அங்கேதான் பயப்பட வேண்டும். அப்படிப்பட்ட பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் கலந்திருப்பதை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சுகாதார அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். அது கட்டாயம் ஸ்டீராய்டுதான், அதுவும் அளவு தெரியாத ஸ்டீராய்டு. டப்பாவில் அடைத்து விற்கும் மருந்துகளில், ‘மால்’ என்று தொடங்கும் பதிவு எண் இல்லாத எதையும் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

என்னிடமிருந்து போகும் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் உள்ளிருக்கும் சரக்குகளின் பெயரை மலாயிலும் தாவரவியல் பெயராகவும் அளவோடு எழுதித் தருகிறேன். அதை உங்கள் குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் காரணத்தைக் கேட்டு எனக்குத் தெரியப்படுத்துங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதித்தர மறுக்கும் சின்சே யாராக இருந்தாலும், அவரிடமிருந்து பிள்ளைக்கு மருந்து வாங்காதீர்கள்.